வலது பக்கம் மூன்று சுற்று

என் மகளின் காரில் வலது முன் டயர் உள்ளோரம் மட்டும் மொட்டையாகி வருவதை முதலில் பார்த்தவன் நான். அதை அவளிடம் சொல்லாமல் கழற்றி, இடது பின்பக்கம் மாட்டி ஒளித்தவனும் நானே. இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்குத் தெரியாது.

அந்தக் காரை நான் ஓட்டக் கூடாது என்பது வீட்டில் உத்தரவு. நாற்பத்தோரு வருடம் லாரி ஓட்டியவனுக்கு உத்தரவு. வலது கண்ணில் அடுப்புப் புகை படிந்தது போல ஒரு மறைப்பு, அவ்வளவுதான். கண் டாக்டர் ஏதோ எழுதிக் கொடுத்தார். நான் நாலாம் வகுப்போடு நின்றவன்; மகள்தான் வாசித்துச் சொன்னாள். டாக்டர் எழுதியது பாதி, இவள் சேர்த்தது பாதி என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. அவள் அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். போய் நியாயம் கேட்கவும் ஆள் இல்லை.

கார் அவளுக்குத் தொழில். தினமும் மதியம் மூன்று நர்சுகளை ஏற்றிக்கொண்டு மலையிறங்கி, அடிவாரத்து ஆஸ்பத்திரியில் விடுவாள். வேலை முடிந்து நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு மேலே வருவாள். பதினொரு கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

மாற்றுச் சாவி மட்டும் என்னிடம் இருந்தது. "யாராவது வண்டியை நகர்த்தணும்னா எடுத்துக் குடுங்க. நீங்க உக்காரக் கூடாது," என்று சொல்லித்தான் கொடுத்தாள். அதை என் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தேன். கூடு சட்டைப் பையில் கிடக்கும். நடக்கும்போது உள்ளே கிணுகிணு என்று ஆடும். அந்தச் சத்தம் கேட்கிறவரை நான் டிரைவர்தான் என்று ஒரு நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்குக் குளிக்கப் போனாள். முடி நீளம், முக்கால் மணி நேரம் ஆகும். நான் காரை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை காற்றடிக்கப் போனேன். எந்தச் சாவியால் எடுத்தேன் என்பது இப்போதைக்கு இருக்கட்டும். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பி எங்கள் சந்துக்குள் ஒடிக்கும்போது சாக்கடை ஓரக் கல்லில் வலது முன் சக்கரம் போய் மோதியது. சின்ன மோதல் இல்லை. பல் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டது. இறங்கிப் பார்த்தேன். ரிம் நெளியவில்லை, டயர் கிழியவில்லை. கல்லின் வெள்ளைத் தடத்தை எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டு, முதலில் நின்ற இடத்திலேயே காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது நான் நாளிதழைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனா என்று கேட்காதீர்கள்.

மூன்று வாரம் கழித்துத்தான் அந்த டயரைப் பார்த்தேன். வெளிப்பக்கம் புத்தம் புதிது. உள்ளே கையை விட்டால் கோடே இல்லை, வழவழவென்று இருந்தது. டயரில் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவினேன். ஒரு திசையில் வழுக்கியது, எதிர்த் திசையில் ரம்பப் பல் போலக் கையைப் பிடித்தது. அப்படிப் பிடித்தால் சக்கரம் ஒழுங்காக உருளவில்லை, கோணலாக இழுபட்டுக்கொண்டு போகிறது என்று அர்த்தம். இதைச் சொன்னால் அவள் அடுத்துக் கேட்கப் போவது ஒரே கேள்வி. அந்தக் கேள்வி சாவியில்தான் வந்து முடியும்.

அவள் லைசென்ஸ் புதுப்பிக்கப் பஸ்ஸில் போன அன்று ஜாக்கியைப் போட்டேன். இருந்தது ஒரே ஜாக்கி. ஸ்டெப்னியைத் தற்காலிகமாக மாட்டி, முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக மாற்ற மூன்று மணி நேரம் ஆனது. முதுகு இரண்டு நாள் பேசியது. இடது பின்பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கார் நிற்கும்போது அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும், யாரும் குனிந்து பார்க்க முடியாது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம். ஒரு நாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள்:

"ப்பா, நேரா போறப்போ ஸ்டியரிங் இடது பக்கம் சாஞ்சு நிக்குது."

"ரோடு சாஞ்சிருக்கும்."

"எல்லா ரோடுமா?"

"இப்பல்லாம் எவன் ஒழுங்கா ரோடு போடறான்?"

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் காரை வீல் அலைன்மென்ட் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போனாள். நானும் ஏறிக்கொண்டேன். திருடினவன் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் சுற்றுவதைப் போல, எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

கொட்டகைக்காரனுக்குப் பெயர் என்னவோ இருக்கும், தெருவே அவனைப் பச்சை என்றுதான் கூப்பிடும். அவனுடைய மிஷின் திரையில் கோடு சிவப்பாக இருந்தால் அவன் முகம் சுருங்கும். பச்சையானால் பல் தெரியும். "பச்சை வந்துருச்சுக்கா" என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. எனக்கு அவனையும் பிடிக்காது, அவன் மிஷினையும் பிடிக்காது. அந்த மிஷினுக்கு இரண்டே கண். முன் சக்கரங்களை மட்டும் பார்க்கும். பின் சக்கரத்துக்கு அவன் கண்தான் மிஷின்.

குழிக்கு மேல் போட்டிருந்த இரண்டு இரும்புப் பலகையில் காரை ஏற்றி நிறுத்தினாள். பச்சை நாலு சக்கரத்தையும் சுற்றி வந்தான். முன்னால் இரண்டையும் தடவினான். வலது பக்கம் தடவும்போது கை ஒரு நொடி நின்றது. அப்புறம் நகர்ந்துவிட்டான். இடது பின்பக்கம் வந்ததும் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்க. உள்ள கை விட்டுப் பாருங்க."

அவள் பார்த்தாள். "ஐயோ, இது எப்போ இப்படி ஆச்சு?"

"அதான் எனக்கும் புரியல. நடுவுல தேய்ஞ்சா காத்து ஜாஸ்தி. ரெண்டு ஓரமும் தேய்ஞ்சா காத்து கம்மி. ஒரே ஓரம்னா சக்கரம் நிக்கிற நிலையே சரியில்ல. ஆனா முன் சக்கரம் இப்படித் தேய்ஞ்சு பாத்திருக்கேன். பின் சக்கரத்துல திருப்பற வேலையே கிடையாதே, இது எதுக்கு இப்படித் தேயுது? டயரை இடம் மாத்திப் போட்டீங்களா?"

"இல்ல. மாத்தினா எழுதிருவேன்." கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். எண்ணெய் மாற்றியது, காற்றடித்தது, வைப்பர் ரப்பர் போட்டது என்று எல்லாவற்றுக்கும் தேதி. அவள் அம்மா அப்படி இல்லை, நானும் அப்படி இல்லை. யாரைக் கொண்டு பிறந்தாளோ. "டயர் போட்ட எட்டு மாசமா அது அது அந்தந்த இடத்துலதான் இருக்கு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடையாளம் கூட வெச்சிருக்கேன்."

என்ன அடையாளம்? நான் கழற்றி மாட்டிய அன்று என் கண்ணில் எதுவும் படவில்லை. இப்போது இவன் "எங்கே, காட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது கதை. அவன் சொல்லவில்லை. அவளை நம்பினான். அவளை யாரும் நம்புவார்கள்.

"எங்கயாவது இடிச்சீங்களா? கல்லு, பள்ளம், ஏதாவது?"

கேட்டது அவளை. பார்த்தது என்னை. அப்போது அதை நான் கவனிக்காதது போல இருந்துகொண்டேன்.

"நான் இடிக்கல," என்றாள் மகள்.

"அய்யா?"

"வண்டி ஓட்டறது அவ. என்னைக் கேட்டா? நான் காத்து வாங்க வந்தவன்."

பச்சை தலையாட்டினான். "அப்போ பின் அச்சுலதான் ஏதோ கோளாறு. அதை இறக்கித்தான் பாக்கணும், அரை நாள் ஆகும். ஞாயித்துக்கிழமை விடுங்க. இப்போ முன்னாடி நேர் பண்ணிடறேன்."

முன் சக்கரங்களில் கவ்வியை மாட்டினான். திரையில் இடதுபக்கக் கோடு பச்சை. வலதுபக்கக் கோடு ரத்தச் சிவப்பு. வலது சக்கரம் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அவன் குழிக்குள் இறங்கி லாக் நட்டைத் தளர்த்தினான். சக்கரத்தைத் திருப்புகிற கம்பிதான் டை ராடு. அதைத் திருகித் திருகி நீளமாக்கினால் சக்கரம் உள்ளே திரும்பும்.

"ஒண்ணு," என்றான் உள்ளேயிருந்து. கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு." அப்புறம், "அட, இன்னும் சிவப்பாவே இருக்கா அக்கா?"

"சிவப்புதான்."

"மூணு."

"பச்சை."

"வந்துருச்சா! சாதாரணமா கால் சுத்து, அரை சுத்துதான் வரும். வலது பக்கம் மூணு முழுச் சுத்து கேக்குது. செகண்ட் ஹாண்ட் வண்டிதானேக்கா? உங்களுக்கு முன்னாடி யாரோ கண்டபடி திருகி வெச்சிருக்கான்."

எனக்குப் படிப்பு இல்லை, ஆனால் இந்தக் கணக்கு வரும். முன்னாலிருந்தவன் திருகியிருந்தால் டயர் எட்டு மாசமும் தேய்ந்திருக்கும். இது ஆறு வாரத்துச் சங்கதி. இரும்புக் கம்பி தானாகக் குட்டையாகாது. மூன்று சுற்று குட்டையாகிவிட்டதென்றால் எங்கேயோ அது முழங்காலை மடக்கியிருக்கிறது. வெளியே தெரிகிற துண்டு நேராக இருக்கிறது. மடங்கினது, கம்பியின் உள்பக்கத்தை மூடியிருக்கிற ரப்பர் உறைக்குள். இவன் அந்தக் கோணலை நீளமாக்கித் திரையைப் பச்சையாக்கிவிட்டான். மடங்கின கம்பி, மடங்கின இடத்தில் அசந்துபோயிருக்கும். பள்ளத்தில் விழுந்தால் இன்னும் மடங்கும். பிரேக் மிதித்தால் இன்னும் மடங்கும். ஒரு தடவை என் கண்ணெதிரே ஒரு லாரியில் அது போயிருக்கிறது. ஒரு சக்கரம் கிழக்கே, ஒரு சக்கரம் மேற்கே.

டயர் வலது முன்னால் இருந்ததென்று தெரிந்திருந்தால் பச்சை அந்த ரப்பரை விலக்கிப் பார்த்திருப்பான். தெரியாமல் பண்ணியது நான்.

வாயைத் திறந்தேன்.

"என்னப்பா?" என்றாள்.

"ஃபேன் சத்தம் போடுது. எண்ணெய் விடச் சொல்லு."

திரையைப் பார்த்தேன். இரண்டு கோடும் பச்சை. வாழ்நாளில் எந்த மிஷினையும் நம்பாதவன், எனக்குத் தோதாக இருந்ததால் அன்றைக்கு ஒன்றை நம்பினேன். பின் அச்சைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரத்தானே போகிறோம், அதற்குள் தனியாக வந்து இவனிடம் காதோடு சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாள்தான். மூன்று நாள் என்றால் பதினொரு வளைவு, இறக்கமும் ஏற்றமுமாக ஆறு தடவை.

மணி பன்னிரண்டரை. "உங்களை வீட்ல விட்டுட்டுப் போறேன்," என்றாள்.

"நானும் வரேன். சும்மாதானே இருக்கேன்."

"ஆஸ்பத்திரிக்கா? நீங்களா?" அவளுக்கு ஆச்சரியம். ஆனால் நேரமில்லை.

நான் கூட இருந்தால் கம்பிக்கு வெட்கம் வந்து நேராகிவிடும் என்பது போலப் போய் முன்னால் உட்கார்ந்தேன்.

நர்சுகள் மூவரும் மார்க்கெட் வாசலில் நின்றார்கள். மூத்தவள் வாயாடி. ஊசி போட்டுப் போட்டு யாரைக் கண்டாலும் பயமில்லாமல் போனவள்.

"என்ன பெரியவரே, இன்னைக்கு ரெண்டு டிரைவரா?"

"ஒண்ணுதான்மா. இன்னொண்ணு சுமை," என்றாள் என் மகள். பின்னால் மூவரும் சிரித்தார்கள்.

மலை விளிம்பு வரை ஆறு கிலோமீட்டர் சமதளம். நான் ரோட்டைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போகிற இரண்டு கைகளும் தராசு போல மட்டமாக இருந்தன. அவளுக்கு அதில் சந்தோஷம்.

"பாத்தீங்களாப்பா? ரோடு நேராயிருச்சு," என்றாள்.

வேகத்தடை ஒன்று வந்தது. அவள் மெதுவாகத்தான் ஏறினாள். அவள் காலுக்குக் கீழே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். பேச்சில் மற்ற யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கண்தான் கோளாறு, காது இல்லை.

"மெதுவாப் போ."

"நாப்பதுலதான் போறேன்."

"முப்பதுல போ."

"இவங்களுக்கு ரெண்டு மணிக்கு டியூட்டிப்பா."

ஐந்தாவது கிலோமீட்டரில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடின பள்ளம். எதிரே பஸ் வந்ததால் அவளால் விலக முடியவில்லை. வலது முன் சக்கரம் அதில் இறங்கி ஏறியது. பின்னால் மூத்த நர்ஸ் "அம்மாடி" என்றாள்.

பள்ளம் தாண்டி ரோடு மறுபடி நேரானதும் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். அதன் இடது கை ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தேன். கண்ணாடிக் கூட்டுக்குள் சாவி ஆடியது. ஒரு விரற்கடை. கார் நேராகப் போகிறது, ஸ்டியரிங் சாய்ந்து நிற்கிறது. கொட்டகையை விட்டு வரும்போது மட்டமாக இருந்தது. நடுவில் யாரும் நட்டைத் தொடவில்லை. அப்படியானால் கம்பி இன்னும் கொஞ்சம் மடங்கியிருக்கிறது. இப்போதுதான், அந்தப் பள்ளத்தில்.

"வண்டியை நிறுத்து."

"எதுக்கு?"

"நிறுத்துன்னா நிறுத்து."

"ப்பா, போன வாரம் ஒரு பிளாஸ்டிக் பையைப் பாத்துட்டு நிறுத்தச் சொன்னீங்க. அதுக்கு முன்னாடி வாரம் பின்னாடி வந்தவன் நம்மளைத் தொடரறான்னு நிறுத்தச் சொன்னீங்க. அவன் பால் வண்டிக்காரன்."

"இது வேற."

"எல்லாமே வேறதான்."

மூத்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பெரியவருக்கு ஒண்ணுக்கு வருதோ என்னவோ. நிறுத்தும்மா."

"ஸ்டியரிங்கைப் பாரு," என்றேன். "இடது பக்கம் இறங்கியிருக்கு."

அவள் பார்த்தாள். "கொஞ்சம் இருக்கு. பச்சை ஞாயித்துக்கிழமை பாக்கறேன்னு சொல்லியிருக்கான்ல. பின் அச்சு."

"பின் அச்சு இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முன்னால் ரோடு முடிந்து வானம் தெரிய ஆரம்பித்தது. விளிம்பு. அங்கே இறக்கத்துக்கு முன்னால் லாரிக்காரர்கள் பிரேக்கைச் சரிபார்க்க நிறுத்துகிற மண்திட்டு ஒன்று இடது பக்கம் இருக்கிறது. அதைத் தாண்டினால் முதல் வளைவு. அதன் பிறகு நிறுத்த இடமில்லை. திருப்பவும் இடமில்லை. திட்டு அரைக் கிலோமீட்டரில் இருந்தது.

"எப்படித் தெரியும்னு கேக்கறேன். பச்சைக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இவள் என்னை நம்பமாட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நாலு வருடமாக அவள் ஓட்டுவதைப் பற்றி நான் சொன்னதில் ஒன்றுகூட உண்மைக்காகச் சொன்னதில்லை. நான் ஓட்டவில்லையே என்ற எரிச்சலில் சொன்னவை. இப்போது நெருப்பு என்று கத்தினாலும் அவளுக்கு அது பால் வண்டிதான். நம்ப வைக்கிற சொல் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

"நான் இடிச்சேன்," என்றேன்.

"என்ன?"

"ஆறு வாரம் முன்னாடி. நீ தலைக்குக் குளிக்கறப்போ. வண்டியை எடுத்துட்டுப் போய் சந்து முனைக் கல்லுல இடிச்சேன். வலது முன் சக்கரம். அந்தத் தேய்ஞ்ச டயர் அங்கதான் இருந்துச்சு. நான்தான் கழட்டிப் பின்னாடி மாட்டினேன், நீ பாக்கக் கூடாதுன்னு. உனக்குக் கீழ இருக்கற கம்பி மடங்கியிருக்கு. இப்போ அந்தப் பள்ளத்துல இன்னும் மடங்கிருச்சு. இறக்கத்துல பிரேக் போட்டா ஒடிஞ்சிரும்."

மகள் என் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேகமும் குறையவில்லை, கூடவும் இல்லை. திட்டு நெருங்கிக்கொண்டே வந்தது. லாரி ஒன்று அதில் நின்றிருந்தது. அதன் பின் பலகையில் எழுதியிருந்தது என் கண்ணுக்கே தெரிகிற அளவு கிட்டே வந்துவிட்டோம்.

"பொய் சொன்னீங்கன்னா," என்றாள், "இன்னைக்கு நடந்தே வீட்டுக்குப் போவீங்க."

"போறேன்."

பிரேக்கைத் தொடாமல், கியரை மாற்றி மாற்றி வேகத்தைக் கொன்று, திட்டில் கொண்டுபோய் உருட்டி நிறுத்தினாள். அந்த நிலையிலும் பிரேக்கைத் தொடவில்லை. என்னால் அதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. நானாக இருந்தால் மிதித்திருப்பேன்.

கதவைத் திறந்து நேராக இடது பின்பக்கம் போனாள். நானும் இறங்கிப் போனேன். குந்தி, காற்றடிக்கிற வால்வுப் பக்கம் ரிம்மில் இருந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள். உள்ளே இரண்டு சிவப்புப் புள்ளி. நகச்சாயம். கடுகளவு.

"இடது முன் சக்கரம் ஒரு புள்ளி. வலது முன் ரெண்டு," என்றாள், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே. "இடது பின் மூணு."

எனக்கு அவ்வளவு கிட்டேயும் அது புள்ளியாகத் தெரியவில்லை. துரு என்றுதான் நினைத்திருப்பேன்.

எழுந்தவள் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்துவிட்டு, முன் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டாள். அவளுடைய டிரைவர் யூனிபார்ம் சட்டை முழுக்க மண். முதலில் இடது பக்கம். ரப்பர் உறையை அமுக்கிப் பிடித்துக் கையை நீளவாக்கில் ஓட்டினாள். அப்புறம் வலது பக்கம் போய் அதையே செய்தாள். பாதியில் கை நின்றது. கையை எடுக்காமல் அப்படியே படுத்திருந்தாள். லாரிக்காரன் ஜன்னலில் தலையை நீட்டி என்னவென்று கேட்டான்.

"முழங்கை மாதிரி இருக்கு," என்றாள் கடைசியில், தரையைப் பார்த்து.

மூத்த நர்ஸ் கதவைத் திறந்து இறங்கினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஊசிக்கு முன்னால் பார்க்கிற பார்வை.

"என் பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம் பெரியவரே," என்றாள். அந்த வாயாடி அவ்வளவோடு நிறுத்தியது எனக்கு வசவை விடக் கனமாக இருந்தது.

நர்சுகள் அடுத்த பஸ்ஸில் ஏறி மலையிறங்கிப் போனார்கள். மகள் பச்சைக்குப் போன் பண்ணினாள். முக்கால் மணி நேரத்தில் அவன் பைக்கில் புதுக் கம்பியும் ஜாக்கியுமாக வந்து சேர்ந்தான். சக்கரத்தைக் கழற்றி, ரப்பர் உறையின் பிடியை நீக்கிப் பின்னால் தள்ளினான். உள்ளே கம்பி மடங்கி, மடங்கின இடத்தில் பெயின்ட் உதிர்ந்து, குறுக்கே மயிரிழையாக ஒரு வெடிப்பு பளபளத்தது. புது வெடிப்பு, துருக்கூட இன்னும் ஏறவில்லை.

பச்சை அதைப் பார்த்தான். அப்புறம் ரோடு வளைந்து கீழே போகிற இடத்தைப் பார்த்தான்.

"நான் கேட்டேனே அய்யா. எங்கயாவது இடிச்சீங்களான்னு."

"அவளைத்தானே கேட்டே."

"உங்களைப் பாத்துதான் கேட்டேன்."

"தெரியும்ல? அப்போ ரப்பரைத் தள்ளிப் பாக்கறதுக்கு உனக்கு என்ன? மூணு சுத்து கேக்குதுன்னு வாயால சொல்றே, எதுக்குக் கேக்குதுன்னு யோசிக்க மாட்டியா? திரை பச்சையானா போதுமா?"

சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். அவன் மண்டையைச் சொறிந்தான்.

"ஆமா. பாத்திருக்கணும். என் தப்பும் இருக்கு."

தப்பை இவ்வளவு சுலபமாக ஒரு ஆள் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஸ்பானரை எடுத்து நீட்டினேன். அவன் கேட்டது பதினேழு, நான் கொடுத்தது பத்தொன்பது. அவன் தானே பதினேழை எடுத்துக்கொண்டான்.

புதுக் கம்பியை மாட்டி, பழையதன் திருகு மரையை எண்ணி அந்த அளவுக்கு நிறுத்தினான். மூன்று சுற்றையும் திருப்பிக் கழித்தான். "மெதுவா கொட்டகைக்கு வாங்கக்கா, மிஷின்ல போட்டு முடிச்சிரலாம்," என்று பைக்கில் முன்னால் போனான்.

திட்டில் நாங்கள் இருவர்தான் நின்றோம். மகள் சட்டை மண்ணைத் தட்டினாள். அப்புறம் வலது கையை என் முன்னால் நீட்டினாள்.

கண்ணாடிக் கூட்டைத் திறந்து மாற்றுச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கை அப்படியே நீட்டினபடி இருந்தது.

"என்ன?"

"இன்னொண்ணு."

"எது இன்னொண்ணு?"

"அந்த ஞாயித்துக்கிழமை இந்தச் சாவி உங்ககிட்ட இல்ல. சனிக்கிழமையே நான் எடுத்து வெச்சிருந்தேன், அதோட பேட்டரி மாத்தறதுக்கு. திங்கக்கிழமைதான் கூட்டுல திருப்பிப் போட்டேன். நோட்டுல இருக்கு."

நான் வானத்தைப் பார்த்தேன். லாரி கிளம்பிப் போய்விட்டிருந்ததால் பார்க்க வேறு எதுவும் இல்லை. குனிந்து இடது கால் செருப்பைக் கழற்றினேன். உள் தோலுக்கு அடியில், வெட்டியெடுத்த கள்ளச் சாவி. இரண்டு வருடமாக அதன் மேல் நடந்துகொண்டிருந்தேன். அதை எடுத்துத் துடைத்து அவள் கையில் வைத்தேன். சூடாக இருந்தது.

"வேற?"

"வேற இல்ல."

"நம்பட்டுமா?"

"நம்பாதே," என்றேன். "ஆனா இல்ல."

அவள் பின் கதவைத் திறந்துவிட்டாள். முன்கதவு இல்லை. ஏறிப் பின்னால் உட்கார்ந்தேன். அவள் காரைத் திருப்பி ஊர்ப்பக்கம் மெதுவாக ஓட்டினாள். அந்தக் குழாய்ப் பள்ளம் வந்தது. எதிரே யாரும் வரவில்லை. நன்றாக விலகிப் போனாள். அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன்.

"என்ன பாக்கறீங்க?"

"ஸ்டியரிங். மட்டமா இருக்கு."

"தெரியும்," என்றாள். "பின்னாடி சாஞ்சு உக்காருங்க."

சாய்ந்து உட்கார்ந்தேன். சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு அசைந்தது. அதில் சத்தமில்லை.